சுவர் விழுந்தது, பறை வெளியிலேயே நின்றது

புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில் நம் மக்கள் கூட்டமாகப் போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இது இருக்கிறது.

இசையில் எழுப்பிய சுவர் அவ்வளவு எளிதில் விழவில்லை. புராட்டஸ்டண்ட் பக்கமும் இதே கதைதான். கர்நாடக ராகங்களில் கீர்த்தனை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், சபைக்குள் சாதிப் பழக்கத்தை ஒழிக்க மிஷனரிகள் முயன்றபோது அதை எதிர்த்தே எழுதினார். அவர் வழியில் வந்த கீர்த்தனைகள் ஆராதனைக்குள் இடம்பிடித்தன. சாவுக்கு அடிக்கும் பறை தீட்டு என்று வெளியே நின்றது.

அதை உள்ளே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜே. தியாப்பிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி ஆசிரியர். நமக்கு அவர் 'பரட்டை' அண்ணன். நாட்டுப்புற மெட்டுகளிலேயே ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். கர்நாடக இசைக்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். நாட்டுப்புறப் பாட்டை யாரும் எடுத்து, தங்கள் பாட்டுக்கேற்ப வரியை மாற்றிப் பாடலாம். அவருக்கு இதுவே இறையியல். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதையும் அதோடு சேர்த்தார். 2005இல் மறைந்தார்.

இன்று புதிய கிறித்தவ ஆல்பங்கள் யூடியூபில் குவிகின்றன. கீபோர்டில் பறையொலியும் கேட்கிறது. அடிப்பவரைத்தான் காணோம். புதுச்சேரியில் பாடற்குழு நடத்தும் தோழர்களே, உங்கள் கோவிலில் பறை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது?