ஆசாரியன் இறங்கி வந்த சாலை

லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் உள்ள நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் குற்றுயிராய்க் கிடந்தவனை விட்டு விலகிப்போனதற்குத் தீட்டைப் பற்றிய அச்சமே காரணம் என்று நெடுங்காலமாக வியாக்கியானம் செய்துவருவோர் உளர். அந்த வாசிப்பு, யூத தர்மத்தின்மீது பழி சுமத்துவதோடு, உவமை நம்மை நோக்கி எழுப்பும் வினாவையும் மழுங்கடித்துவிடுகிறது என்பது என் துணிபு.

நெருங்கிய உறவினரல்லாத எவருடைய பிரேதத்தினாலும் ஆசாரியன் தீட்டுப்படலாகாது என்று லேவியராகமம் 21-ஆம் அதிகாரம் விதிப்பது மெய்யே. ஆயினும் அவ்விதி லேவியனுக்கு உரியதன்று. கேட்பாரற்ற பிரேதத்தைப் பிரதான ஆசாரியன்கூட அடக்கம் செய்யலாம் என்பது, சற்றுப் பிற்காலத்ததாயினும், யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னாவின் தீர்ப்பு. ஆசாரியனோ ஆலயத்துக்கு ஏறிச் செல்லவில்லை. ஊழியத்துக்கு இடையூறு என்ற சாக்குக்கும் இடமின்றி இறங்கி வருகிறான். கிடந்தவன் இறந்துவிட்டதாக அவன் எண்ணியிருக்கலாம் அன்றோ என்பர். எண்ணியிருக்கலாம், ஆனால் உண்மையை அறிவதற்கு இருந்த ஒரே வழி அருகே செல்வது, அதைத்தான் அவன் செய்யவில்லை.

காண்பதில் மூவருக்கும் பேதமில்லை. லேவியன் அந்த இடத்துக்கே வந்து பார்க்கிறான். பேதம் அதற்கு அப்பால் தொடங்குகிறது. சமாரியனிடம் வந்ததும் கதை வேகம் தணிந்து, எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதையும், தன் வாகனத்தில் ஏற்றியதையும், சத்திரத்தில் பராமரித்ததையும், மறுநாள் இரண்டு நாட்கூலிக்கு ஈடான வெள்ளிக்காசுகளைக் கொடுத்து, மேற்செலவைத் திரும்பி வரும்போது தீர்ப்பதாகச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் கூறுகிறது. இரக்கம் கணத்தில் தோன்றும். சிரத்தையோ மறுநாளுக்கும் நீளும். இது தர்மகாரியமேயன்றித் தியானம் ஆகாது என்போர், அடுத்தாற்போலவே மார்த்தாள் மரியாள் வரலாறு வருவதை மறந்தவர்கள். இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாளையும் வழியில் நின்றுவிட்ட சமாரியனையும் லூக்கா அருகருகே வைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பாடம் படிக்கையில் பழகும் கவனமே பிரார்த்தனைக்கும் பிறர்நேசத்துக்கும் உதவும் என்று 1942-இல் பிரெஞ்சுத் தத்துவஞானி சிமோன் வெயில் எழுதியதும் இவ்வழியில் வந்ததே.

சேர்வராயன் மலையில் வாழ்வோருக்கு அந்த இறக்கம் எளிதில் விளங்கும். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்குவது அதனினும் சற்று அதிகம். 1917-இல் தோன்றிய மான்ட்ஃபோர்ட் பள்ளி முதலான கல்விச்சாலைகளும் தியான இல்லங்களும் உள்ள இம்மலையில், நாட்கணக்கில் மௌனம் காத்து ஜெபித்துவிட்டு இறங்குகிறவர், கடமை முடிந்த அந்த ஆசாரியனின் நிலையிலேயே இருக்கிறார். பழம் பறிக்கும் பருவத்தில், காப்பித் தோட்டத்து எடைமேடையருகே மூட்டையை இறக்கிவைத்துத் தன் முறைக்காக நிற்கும் மலையாளிப் பழங்குடிப் பெண் அவர் கண்ணில் படத்தான் செய்கிறாள். அவள் பெயரையும் அன்றைய எடையையும் கேட்டறிய வண்டியை நிறுத்துகிறாரா என்பதே வினா. ஆகவே, தியானம் முடிந்து பெட்டி கட்டும் நாளின் வாசகமாக இவ்வுவமையையே வைத்து, அதில் ஆசாரியனைப் பற்றிய வசனத்தில் நெடுநேரம் தங்கும்படி, அவ்வில்லங்களை நடத்துவோரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.