மண் கட்டுமானம்

மண் கட்டுமானம் என்பது சூளையில் சுடாத மண்ணைக் கொண்டு சுவரும் தரையும், சில ஊர்களில் வளைவுக் கூரையும் எழுப்பும் முறை. மண்ணிலுள்ள களிதான் இதில் பிடிமானம் தருவது. மணலும் சரளையும் சுமையைத் தாங்குபவை. வைக்கோல், உமி, சாணம், சுண்ணாம்பு ஆகியவை இடத்துக்கு ஏற்பச் சேரும். அண்மைக் காலத்தில் சிறிதளவு சிமென்ட்டும் சேர்க்கிறார்கள்.

மண் சுவர் நிலைக்காது என்ற பேச்சுக்கு உலகில் பல மறுப்புகள் நின்றுகொண்டிருக்கின்றன. ஏமன் நாட்டின் ஷிபாம் நகரில் வெயிலில் காய வைத்த பச்சைக்கல்லால் கட்டிய பல மாடி வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். 1982-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. மாலி நாட்டின் ஜென்னேயில் 1907-இல் இன்றைய வடிவில் எழுந்த பெரிய மசூதிக்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. அந்தப் பூச்சு ஒரு சில ஆண்டுகள் நின்றுபோனால் மசூதி மழையில் கரையத் தொடங்கிவிடும். கருங்கல்லைப் போல மண்ணைக் கட்டிவைத்துவிட்டு மறந்துவிட முடியாது.

சுவர் வகைகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதிகம் கண்டது படை படையாக வைக்கும் சுவர். மண்ணைக் காலால் மிதித்துக் குழைத்து, முழ உயரத்துக்கு ஒரு படை வைத்து, அது இறுகிய பிறகே அடுத்ததை ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் அடியிலுள்ள படை பிதுங்கிவிடும். மரச்சட்டத்தில் வார்த்துக் காயவைப்பது பச்சைக்கல். மூங்கில் வரிச்சு கட்டி இருபுறமும் மண் அப்புவது மற்றொரு வகை. இது சுமை தாங்காது, குறுக்குச் சுவருக்கு ஆகும். பலகைகளுக்கு நடுவே ஈரமண்ணைக் கொட்டித் திமிசால் இடித்து இறுக்கும் சுவர் வடஆப்பிரிக்காவிலும் சீனாவிலும் பெரிய அளவில் வளர்ந்தது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஒரு குலம் முழுவதும் குடியிருந்த வட்டக் கோட்டை வீடுகள் இப்படி எழுந்தவையே.

மண்ணைத் தேர்தல்

எல்லா மண்ணும் சுவருக்கு ஆகாது. மேல்மண்ணை ஓரடி ஆழம்வரை வழித்து ஒதுக்க வேண்டும். வேரும் மட்கும் கலந்த அந்த மண் தோட்டத்துக்கு நல்லது, சுவருக்குக் கேடு. கரிசல் மண்ணில் உள்ள களி ஈரத்தில் வீங்கி வெயிலில் வெடிக்கும். செம்மண்ணின் களி அவ்வளவு ஆட்டம் காட்டுவதில்லை.

மண்ணைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், சரளையும் மணலும் உடனே அடியில் இறங்கும். அதன்மேல் வண்டல் படியும். களி தெளிய ஒரு நாள் ஆகலாம். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் எது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இன்னொரு சோதனையில், பிசைந்த மண்ணைச் சுருட்டுபோல உருட்டி, மேசை விளிம்பைத் தாண்டி மெல்லத் தள்ளுவார்கள். 5 சென்டிமீட்டர் நீளுமுன் முறிந்தால் மணல் மிகுதி, 15-ஐத் தாண்டியும் தொங்கினால் களி மிகுதி. ஈரம் போதுமா என்பதை அறிய ஓர் உருண்டை பிடித்து மார்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது வழக்கம். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது. சப்பென்று ஒட்டினால் கூடிவிட்டது. நாலைந்து துண்டாக உடைந்தால் வேலையைத் தொடங்கலாம்.

நீரைத் தள்ளிவைத்தல்

மண் வீட்டின் அமைப்பில் பெரும்பாலானவை தண்ணீரை மனத்தில் வைத்துச் செய்தவை. கடைக்காலும் அதற்கு மேல் ஒன்றரை அடியும் கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ இருக்கும். கூரை சுவரைத் தாண்டி இரண்டடியாவது நீண்டு தாழ்ந்திருக்கும். நாம் உட்காரவும் கதை பேசவும் என்று நினைக்கும் திண்ணை, சாரல் படாமல் சுவரின் அடியையும் காத்துவந்தது.

பழைய மண் வீட்டைப் ‘பலப்படுத்த’ நினைத்து அதன்மேல் சிமென்ட் பூசுவது நம் ஊர்களில் எங்கும் காணும் தவறு. மண் சுவர் ஈரத்தை உறிஞ்சியும் விட்டும் நிற்பது. சிமென்ட் பூச்சு அதை வெளியேற விடாது. மயிரிழை வெடிப்பின் வழியே உள்ளே போன மழைநீர் பூச்சுக்குப் பின்னால் தங்கி மண்ணை இளக்கும். சில மழைக்காலங்களில் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்த சாந்து இந்த இடத்துக்குப் பொருந்துவது. அதை அரைக்கவும் தேய்க்கவும் தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிது. அவர்களுக்குரிய கூலியும் அதிகம், அது நியாயமும்கூட.

அழுத்த மண்கல்

இருபதாம் நூற்றாண்டில் மண் கட்டுமானத்துக்கு வந்த பெரிய மாற்றம் அழுத்த மண்கல். கொலம்பியாவின் பொகோட்டாவில் இருந்த வீட்டுவசதி ஆய்வு நிலையத்தில் ராவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் 1950-களில் கையால் இயக்கும் அழுத்துப் பொறி ஒன்றை வடிவமைத்தார். சின்வா-ராம் என்ற அந்தப் பொறியின் வழிவந்தவை பல நாடுகளுக்குப் பரவின. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா குழு இத்துறையில் நெடுங்காலம் உழைத்தது.

தமிழ்நாட்டில் இதற்கு நிலைக்களமாக அமைந்தது ஆரோவில். 1968-இல் உருவான அந்நகரம் செம்மண் மேட்டில் இருப்பது வசதியாயிற்று. 1989-இல் இந்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோவின் முயற்சியில் அங்கே தொடங்கியதே இன்றைய ஆரோவில் மண் கட்டுமான நிலையம். கட்டடக் கலைஞர் சத்பிரேம் மைனி அதை வழிநடத்திவந்தார். அந்த நிலையம் வடிவமைத்த ‘ஆரம்’ அழுத்துப் பொறி இன்று பல நாடுகளுக்குப் போகிறது. ஆரோவில் பார்வையாளர் மையம் இந்தக் கற்களால் கட்டப்பட்டு, 1992-இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதைப் பெற்றது. எகிப்தின் லக்சருக்கு அருகே 1940-களில் பச்சைக்கல்லால் ஓர் ஊரையே எழுப்ப முயன்றவர் ஃபாத்தி.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மண்ணைச் சலித்து, எடையில் சுமார் 5 விழுக்காடு சிமென்ட்டை உலர்வாகக் கலந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். பொறியின் பெட்டியில் அளந்து போட்டு, நெம்புகோலை இழுத்தால் கூர்மையான விளிம்போடு கல் எழும். அந்த நிலையில் விரலை அழுத்தினால் பள்ளம் விழும். இரண்டு நாள் பிளாஸ்டிக் விரிப்பின் கீழ் வைத்து, பிறகு நான்கு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். கூலி மிச்சம் என்று இதைக் குறைக்கும் இடத்தில் கல் பொரிந்துபோகும். மண்ணில் களி மிகுதியென்றால் சிமென்ட்டைவிடச் சுண்ணாம்பே நன்றாகப் பிடிக்கும்.

சூளை இல்லாததால் விறகும் நிலக்கரியும் மிச்சம். நாட்டுச் சூளைச் செங்கல்லுக்கு ஆகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே இதற்குத் தேவை என்று ஆரோவில் நிலையம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு, மண் அதே மனையில் தோண்டப்படும்போதுதான் பொருந்தும். நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து லாரியில் செம்மண் வரவழைத்துக் கட்டும் ‘இயற்கை வீடு’ பாதிப் பொய். அப்படி மண் எடுத்த இடத்தில் வேறொரு ஊரின் மேடு குழியாகிறது. ஆரோவிலின் நான்கு மாடி விகாஸ் குடியிருப்புக்கு அந்த மனையிலேயே மண் எடுத்தார்கள்.

வெப்பமும் கூரையும்

கனத்த மண் சுவர் பகல் வெயிலை உள்வாங்கி, பல மணி நேரம் கழித்தே உள்ளே விடுகிறது. அந்த வெப்பம் அறைக்குள் வரும்போது வெளியே இரவுக் காற்று வீசத் தொடங்கியிருக்கும். எனினும் ஒற்றை மாடி வீட்டில் பெருமளவு வெப்பம் தலைக்கு மேலிருந்து வருகிறது. மண் சுவரின் மீது வெறும் கான்கிரீட் தளத்தையோ தகரத்தையோ போட்டுவிட்டுக் குளிர்ச்சியை எதிர்பார்ப்பது வீண். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) கான்கிரீட் தளத்தின் இழுவிசைப் பகுதியில், தேவையற்ற கான்கிரீட்டுக்குப் பதிலாக மங்களூர் ஓடுகளைப் பதித்தார். கான்கிரீட்டும் கம்பியும் குறைந்தன, ஓட்டுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் ஓரளவு தடுத்தது.

நடுக்கம்

மண்ணின் உண்மையான பலவீனம் நிலநடுக்கம். 2003 டிசம்பர் 26 அன்று ஈரானின் பாம் நகரில் சுமார் 26 ஆயிரம் பேர் இறந்தார்கள். கனத்த கூரையும், மூலையில் பிணைப்பில்லாத பச்சைக்கல் சுவரும் அதற்கு முக்கியக் காரணம். 2001-இல் குஜராத்தின் கட்ச் குலுங்கியபோது அங்குள்ள புங்கா என்னும் வட்ட வடிவ மண் வீடுகள் பெரும்பாலும் தாங்கின. வட்டத்துக்கு மூலை இல்லை, கூம்புக் கூரையும் இலகு. ஆக, மண்ணைவிட வடிவமும் கட்டுமானப் பிணைப்பும்தான் இங்கே தீர்மானிப்பவை. மண் கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனுக்கு 1993 முதல் ஐ.எஸ். 13827 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. மண்கற்களுக்கான ஐ.எஸ். 1725 விதி 2013-இல் திருத்தப்பட்டது.

யாருடைய உழைப்பு

மண் வீடுகளைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று பெண்களின் வேலை. சுவர் வைப்பது ஆண்டில் சில வாரம். சாணமும் செம்மண்ணும் கரைத்துத் தரை மெழுகுவது வாரந்தோறும், பொங்கலுக்கு முன் சுவரை மெழுகி வெள்ளையடிப்பது ஆண்டுதோறும். இதற்குக் கூலி கிடையாது. ஆலைக்கும் வயல்கூலிக்கும் போகத் தொடங்கிய பெண்கள் முதலில் கேட்டது சிமென்ட் தரையைத்தான். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

கூரை வீட்டிலிருந்து காரை வீட்டுக்கு ஏறுவது கிராமத்தில் மரியாதையோடு சேர்ந்த விஷயம். அரசின் வீட்டுத் திட்டங்களும் நெடுங்காலம் மண் சுவரைக் குடிசையின் அடையாளமாகவே கருதின. இன்று நகரத்தில் வசதியுள்ளவர்கள் விரும்பி மண் வீடு கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது தேர்வு. பக்கத்து ஊரில் மழைக்குச் சுவர் இடிந்த குடும்பத்துக்கு அது தேர்வு அல்ல. கட்டுமானச் செலவிலும் இந்த வேறுபாடு தெரியும்: மண் மலிவு, ஆனால் மொத்தச் செலவில் ஆள்கூலியின் பங்கு மிகுதி. தன் கையால் கட்டும் வீட்டுக்கு இது சிக்கனம், ஒப்பந்தக்காரரிடம் விட்டால் செங்கல் வீட்டுக்கு நெருக்கமாக வந்துவிடும்.

இடித்த பிறகு

எதுவும் கலக்காத மண் சுவரை இடித்தால், ஊறவைத்துக் குழைத்து அதே மண்ணில் மறுபடி சுவர் வைக்கலாம். கிராமங்களில் பழைய சுவர் மண் வீணானதில்லை. சிமென்ட் கலந்த அழுத்தக் கல்லுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதை உடைத்துத் தளத்துக்கு அடியில் நிரப்பலாம், பாதைக்குப் போடலாம். தண்ணீர் ஊற்றினால் அது குழையாது. சுண்ணாம்பு கலந்ததும் அப்படித்தான்.