தொட்டறிந்த ஈரலும் ஒலியறிந்த ஈரலும்



நுரையீரல், மண்ணீரல், கல்லீரல் என்னும் மூன்று சொற்களிலும் 'ஈரல்' பொதுவாக நிற்கிறது. நுரை, மண், கல் என்னும் அடைகளே உறுப்புகளை வேறுபடுத்துகின்றன. தொட்டும் பார்த்தும் உணர்ந்த தன்மையைக் கொண்டே முன்னோர் இப்பெயர்களை இட்டனர் எனக் கருத இடமுண்டு. இவற்றுள் இரண்டு, நம் தோட்டப்புற வரலாற்றோடு பிணைந்தவை.

முதலாவது மண்ணீரல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழித்து ரப்பர் நட்டபோது, வெயில் பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில் தமிழ்த் தொழிலாளர் பலர் காய்ச்சலுக்கு இரையாயினர். நோயின் பரவலை அறிய, மருத்துவர்கள் லயத்துக் குழந்தைகளின் இடப்பக்க விலாவின்கீழ் விரலால் அழுத்திப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோரை எண்ணினர். 1840களில் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் கையாண்ட முறை இது. சிலாங்கூர்த் தோட்டங்களில் மால்கம் வாட்சனும் இதையே பின்பற்றினார். ஊசியில்லை, கத்தியில்லை, கையே கருவி.

கல்லீரலில் படியும் கொழுப்போ கைக்கு அகப்படுவதில்லை. நெடுநாள் வலியும் தருவதில்லை. 1883இல் பால் எர்லிக் ஊசியால் ஈரல் திசுவை எடுத்தார். 1958இல் மெங்கினி அதனை ஒரு நொடி வேலையாக்கினார். ஆயினும் ஊசியில் வருவது ஈரலின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே. குருதிக்கசிவு அச்சமும் உண்டு.

2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறு வழியை அறிவித்தனர். வலப்பக்க விலாவிடையில் கருவி மெல்லத் தட்டும்; அவ்வதிர்வு ஈரலுள் செல்லும் வேகத்தை மீயொலி அளக்கும். ஈரல் இறுகியிருப்பின் அதிர்வு விரையும். 2010 முதல் அக்கருவியே கொழுப்பையும் அளக்கிறது. கொழுப்பு மிகுந்த ஈரலில் மீயொலி விரைந்து வலுவிழக்கும். அவ்விழப்பை மீட்டருக்கு 100 முதல் 400 டெசிபல் வரையிலான எண்ணாகக் குறிப்பர். 2014இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வளவைத் திசுச் சோதனையோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். எண் மட்டும் தீர்ப்பாகாது. மருத்துவர் பிற சோதனைகளோடு சேர்த்தே முடிவுரைப்பார்.

இச்செய்தி நமக்கு ஏன்? 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினரிடம் நீரிழிவு காணப்பட்டது. நாட்டின் சராசரி 18.3. நீரிழிவும் ஈரல் கொழுப்பும் பெரும்பாலும் உடன்வருவன. அன்று தோட்டத்துக்குப் புறப்பகை கொசு. இன்றைய பகை உடலுள் ஓசையின்றி வளர்கிறது. மாணவர்களே, தோட்டத்தில் பால்மரம் சீவி உங்களை வளர்த்த பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ நீரிழிவு இருப்பின், "கல்லீரலையும் பார்த்தார்களா?" என்று இன்று மாலையே கேளுங்கள். ஊசிக்கு அஞ்சித் தள்ளிப்போடுவோரிடம், முதலில் ஒலியாலேயே அளக்க வழியுண்டு என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.