எல்லையோரத் துணை மையமும் இணையவழிப் பாடமும்: பாறசாலை – நெய்யாற்றின்கரைப் பகுதியில் பெண்கள் மீதான வன்முறையும் ஆரம்ப சுகாதாரத் துறையும்

தென் திருவிதாங்கூரில் பொதுவெளியில் பெண்கள் மீது நடந்த வன்முறைக்கு ஆவணங்கள் உண்டு. மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டக் காலத்தில் சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டதை லண்டன் மிஷன் ஊழியர்கள் மனுக்களாக எழுதினார்கள். 1859 ஜூலை 26-இல் அவர்கள் மேலாடை அணிவதை அனுமதிக்கும் அரச பிரகடனம் வந்தது. வீட்டுக்குள் விழுந்த அடிக்கு அவ்வளவு எளிதில் ஆவணம் உருவாகவில்லை. அந்த அடியை மருத்துவத் துறை எப்போது தன் வேலையாக ஏற்றது, அந்த வேலையை இணையம் வழியே கற்பிக்கும்போது எல்லையோரத்தில் எது விடுபடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் நெய்யாற்றின்கரைக்குத் தனி இடம் உண்டு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 1930களில் இங்கே ஒரு சுகாதார அலகு இயங்கியது. 1946-இல் இந்தியச் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழு பரிந்துரைத்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்னோடியாக அமைந்த சில முயற்சிகளுள் இதுவும் ஒன்று. கொக்கிப்புழு, கழிப்பறை, அம்மைக்குத்து, பேறுகாலம் ஆகியவையே அக்காலச் சுகாதார அலகுகளின் கவலைகள். காயம் வந்தால் கட்டுப் போடுவார்கள். காயம் எப்படி வந்தது என்பதற்குப் பதிவேட்டில் இடம் இல்லை. ஆனால் அந்த அமைப்பு நமக்கு விட்டுச்சென்ற விலைமதிப்பற்ற சொத்து ஒன்று உண்டு: அரசின் சார்பில் வீட்டுப் படியேறி அடுக்களை வரை போகக்கூடிய ஒரு பெண். இன்று கேரளத்தில் ஜே.பி.எச்.என். என்று அழைக்கப்படும் இளநிலைப் பொதுச் சுகாதார செவிலியரும், ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளரும் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு, அதாவது இன்றைய தமிழ்நாட்டுக்கு, வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. ஆனால் எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை.

வன்முறை மருத்துவத்தின் பொருளாக மாறியது மிக அண்மையில்தான். 1996-இல் உலக சுகாதாரப் பேரவை அதைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக அறிவித்தது. 2000-இல் மும்பை பாந்த்ராவில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில், சேஹத் என்ற தன்னார்வ அமைப்போடு சேர்ந்து ‘திலாசா’ என்ற ஆலோசனை மையம் தொடங்கியது. 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவ உதவி அளிப்பதை மருத்துவ நிலையத்தின் கடமை ஆக்கியது. 2009-இல் கேரளம் அரசு மருத்துவமனைகளில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் ‘பூமிகா’ மையங்களைத் திறந்தது. இது துணிச்சலான முடிவு. ஆனாலும் பூமிகா பெரிய மருத்துவமனைக்குள் இருக்கிறது. கீறலோடும் தூக்கமின்மையோடும் தீராத தலைவலியோடும் பெண் முதலில் வருவது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் ஊரில் இயங்கும் துணை மையத்துக்கு.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன மணமான பெண்கள் தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு, கேரளத்தில் 9.9 விழுக்காடு. ஒரே உறவுமுறையும் ஒரே சந்தையும் கொண்ட ஊர்களை இந்த இரண்டு எண்களும் ஒரு கோட்டில் இரண்டாகப் பிரித்துவிட முடியாது. மாநிலச் சராசரியைக் காட்டிப் பாறசாலைப் பக்கம் நிம்மதி கொள்வதற்கு இடமில்லை. வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 விழுக்காட்டினர் யாரிடமும் சொன்னதில்லை, உதவியும் தேடியதில்லை என்பது அதே கணக்கெடுப்பு நாடு முழுவதற்கும் தரும் செய்தி.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது சுகாதார ஊழியர்களின் பயிற்சி கைப்பேசித் திரைக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த முதல்நிலை உதவிக்கு ஐந்து படிகள்: செவிகொடுப்பது, தேவையைக் கேட்டறிவது, அவள் சொல்வதை நம்புவதை உணர்த்துவது, பாதுகாப்பைக் கூட்டுவது, உதவியோடு இணைப்பது. எல்லாப் பெண்களையும் துருவிக் கேட்க வேண்டியதில்லை; அறிகுறி தெரிந்தால், தனிமையில், துணைக்கு வந்த மாமியாரை வெளியே அமர்த்திவிட்டுக் கேட்க வேண்டும். இவற்றைத் திரை நன்றாகவே கற்பிக்கும். ஆனால் பாடம் கேட்கும் ஆஷாவும் ஒரு வீட்டில் வாழ்கிறார். கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி அந்த ஒலிப்பதிவு ஓடினால், சில வீடுகளில் அதுவே ஆபத்து. பணிநேரத்தில், துணை மையத்தில், காதொலிக் கருவியோடு பயில்வதற்கான ஏற்பாடு பயிற்சித் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சியோடு உதவிக்கான வழியும் சேர வேண்டும் என்பதற்குச் சான்று உண்டு. லண்டன் ஹாக்னியிலும் பிரிஸ்டலிலும் நடந்த ‘ஐரிஸ்’ ஆய்வு 2011-இல் லான்செட் இதழில் வெளியானது. பயிற்சியும், பெயர் சொல்லி அனுப்பக்கூடிய ஓர் ஆலோசகரும் கிடைத்த 24 மருத்துவ நிலையங்கள் 223 பெண்களை உதவிக்கு அனுப்பிவைத்தன. இரண்டும் கிடைக்காத 24 நிலையங்கள் 12 பேரை. பயிற்சியோடு, பயின்றவர் கையில் ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்ததே வேறுபாடு.

எல்லையோரத்தில் அந்தப் பெயர் யாருடையது? பாறசாலையில் வாழ்க்கைப்பட்டு, அடி தாங்காமல் விளவங்கோட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்ணின் பேறுகாலப் பதிவு கேரளத்தில் இருக்கிறது, அவள் தமிழ்நாட்டில் இருக்கிறாள். இரு மாநிலங்களிலும் 181 என்ற மகளிர் உதவி எண் ஒன்றே, அழைப்பை ஏற்கும் அலுவலகங்கள் வேறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அமர்த்தப்பட்ட திருவனந்தபுரத்துப் பாதுகாப்பு அலுவலருக்கு அவள் வெளியூர்க்காரி. நாகர்கோவில் அலுவலருக்குக் கணவன் வெளி மாநிலத்தவன். இந்தக் குழப்பத்துக்கு அந்தச் சட்டமே முன்பே விடை தந்துவிட்டது. அதன் 27-ஆம் பிரிவின்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே அவள் மனு கொடுக்கலாம். அங்கே பெறும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். குழித்துறையில் பெறும் பாதுகாப்பு உத்தரவை நெய்யாற்றின்கரையிலும் நிறைவேற்ற வேண்டும். பாறசாலை, காரோடு, குன்னத்துகால் ஊராட்சிகளின் ஆஷாக்களுக்குத் தரும் பாடத்தில் இந்த ஒரு பிரிவும், இரு பக்க அலுவலர்களின் எண்களும், மலையாளத்திலும் தமிழிலும் நடத்திக் காட்டும் ஓர் உரையாடலும் இடம்பெற வேண்டும். மறுகரையில் விளவங்கோட்டின் கிராம சுகாதார செவிலியர்களும் அதே வகுப்பில் அமரலாம்; இணைய வகுப்புக்கு மாநில எல்லை ஒரு தடையில்லை.