மரத்தூளும் மனித மூச்சும்

நன்கு இழைத்து மெருகிட்ட ஒரு மேசையைக் கையால் தடவிப் பார்க்கும் எவரும் அதன் வழவழப்பை வியவாதிருப்பதில்லை. அவ்வழவழப்பு மரத்தின் இயல்பன்று. மனித உழைப்பு மரத்திற்கு அளித்த பண்பு. அப்பண்பை அளிக்கும்போது மரத்திலிருந்து உதிர்ந்த நுண்துகள் எங்கே போயிற்று என்று நாம் கேட்பதில்லை. கேட்போமாயின், மரவேலைக் கருவிகளின் வரலாறு உழைப்பாளியின் நுரையீரலின் வரலாறாகவும் இருப்பதைக் காண்போம்.

நம் ஓடாவிமாரின் கையில் நெடுங்காலம் இருந்தவை வாச்சியும் உளியும் இழைப்புளியுமே. இழைப்புளி மரத்தைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளும். சுருள் காலடியில் விழும், அடுப்பெரிக்கவும் உதவும், மூச்சோடு உள்ளே போகாது. கடைசி மெருகிற்குப் பிராய் மரத்தின் சொரசொரப்பான இலையும் காய்ந்த சுறாத்தோலும் பயன்பட்டன. அவற்றாலும் தூள் எழுந்தது உண்மையே. ஆயினும் கையின் வேகமே தூளின் அளவுக்கு எல்லையாய் நின்றது.

கொழும்பிலே 1877ஆம் ஆண்டில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் இந்நாட்டுக் கைவினைஞரின் தொழில்முறைகளைப் பதிந்து வைத்தார். ஆங்கிலக் கவிஞரும் சமதர்மவாதியுமான வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அந்நூல் அச்சாயிற்று. அந்நிய ஆட்சியும் ஆலைப் பண்டமும் கைவினையைச் சிதைத்தமை கண்டு அவர் நொந்தார். அந்த நோவில் நியாயம் உண்டு. ஆனால் இயந்திரத்தை நொந்துகொள்வதோடு நின்றுவிடுவது உழைப்பாளிக்கு உதவாது. இயந்திரம் யாருடைய கையில், யாருடைய நன்மைக்காக இயங்குகிறது என்பதே வரலாறு எழுப்பும் வினா.

உப்புத்தாள் என்றும் அரத்தாள் என்றும் நாம் வழங்கும் பொருள் கைத்தொழிற் புரட்சியின் குழந்தை. கண்ணாடித் தூளைத் தாளில் ஒட்டிப் பெருமளவில் செய்து விற்கும் தொழிலை இலண்டனில் ஜோன் ஓக்கி 1833இல் தொடங்கினார். மறு ஆண்டில் அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1926இல் போர்ட்டர்-கேபிள் என்னும் அமெரிக்கக் கம்பனி, கையில் எடுத்துச் செல்லக்கூடிய பட்டி மெருகு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கை ஒரு நாள் முழுதும் தேய்த்ததை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் தேய்த்தது. ஒரு நாளில் எழுந்த தூளும் அந்த ஒரு மணி நேரத்திலேயே எழுந்தது. உற்பத்தி பெருகியதன் இலாபம் முதலாளிக்குச் சென்றது. தூள் பெருகியதன் பலன் தொழிலாளிக்குச் சென்றது.

தூசியை அடக்கும் வழி அக்காலத்தில் அறியப்படாததன்று. ஈரத்தில் வைத்துத் தேய்க்கக்கூடிய அரத்தாளை அமெரிக்காவின் த்ரீ-எம் கம்பனி 1921இலேயே வெளியிட்டது. மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளில் வண்ணப் பூச்சைத் தேய்ப்போர் நச்சுத் தூசியைச் சுவாசிக்காதிருக்க வேண்டும் என்ற எண்ணமும் அக்கண்டுபிடிப்பின் பின்னே இருந்தது. ஆகவே தடையாய் இருந்தது அறியாமை மட்டுமன்று.

நம் நாட்டு மரமே இதற்கொரு சான்று தருகிறது. இலங்கையின் வறண்ட காடுகளில் வளரும் முதிரை, பொன்னிறப் பளபளப்புக்குப் பேர்பெற்றது. பேராதனையில் மகாவலியின் குறுக்கே 1833இல் கட்டப்பட்ட ஒற்றை வளைவுப் பாலம் இம்மரத்தால் ஆனதே. காலனி ஆட்சிக் காலத்தில் முதிரை கப்பலேறிப் பிரித்தானியாவுக்குப் போயிற்று. செல்வர் வீட்டுத் தளபாடமாயிற்று. ஆனால் அங்கே அதை அறுத்துத் தேய்த்த தொழிலாளரின் கையிலும் முகத்திலும் கொப்புளமும் அரிப்பும் கிளம்பின. 1909ஆம் ஆண்டில், தோலைத் தாக்கும் ஒரு காரப்பொருளை அம்மரத்திலிருந்து வேதியியலார் பிரித்தெடுத்தனர். காட்டில் முதிரையை வெட்டியவன் இலங்கைத் தொழிலாளி. பட்டறையில் அதன் தூளால் துன்புற்றவன் ஆங்கிலத் தொழிலாளி. இருவரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் ஒரே மரம் அவ்விருவரின் உழைப்பையும் ஒரே சந்தைக்குக் கொண்டு சென்றது.

தோல்நோய் கண்ணுக்குத் தெரியும். அதனினும் கொடியது தெரியாமல் வளர்ந்தது. இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே காது, மூக்கு, தொண்டை மருத்துவராய் இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்னும் பெண்மணி, மிக அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் தளபாடத் தொழிலாளரிடையே திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் கவனித்தார். அவரும் ஒக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த அச்செசன், மக்பெத் முதலிய ஆய்வாளரும் வெளியிட்ட முடிவுகள் 1968இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தன. பொதுமக்களிடையே காணப்படுவதினும் பல நூறு மடங்கு மிகுதியாக அந்நோய் அத்தொழிலாளரைப் பற்றியிருந்தது. மறு ஆண்டே பிரித்தானிய அரசு அதை நட்டஈட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. தூள் படிந்து நோய் வெளிப்படுவதற்கிடையே பல பதிற்றாண்டுகள் கழிகின்றன. இளைஞனாய்ச் சுவாசித்ததற்கு முதியவனாய் விலை கொடுக்கிறான்.

இன்று பட்டறைகளில் காணும் ரண்டம் ஓர்பிட்டல் சாண்டர் என்னும் கைக்கருவி இவ்வரலாற்றின் அண்மைப் படி. அதன் வட்டத்தட்டு தன்னைத்தானே சுற்றுகிறது. அதே வேளையில் மையம் சற்று விலகிச் சிறு வட்டத்திலும் ஓடுகிறது. இவ்விரு அசைவுகளும் கலப்பதால் ஒரே கீறல் ஒரே இடத்தில் மீண்டும் விழுவதில்லை; மரத்தின் இழையோட்டத்தைப் பொருட்படுத்தாமலே மெருகு ஏறுகிறது. நிமிடத்திற்குப் பதினாயிரம் முறையளவில் அது சுழல்கிறது. தட்டிலும் அதில் ஒட்டும் அரத்தாளிலும் துளைகள் உண்டு. கருவியின் பின்வாயில் ஒரு குழாயை மாட்டி, உறிஞ்சும் இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் பெரும்பகுதித் தூள் பிறந்த இடத்திலேயே பிடிபடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கருவியைச் செய்தவன் துளையையும் செய்தே தந்திருக்கிறான். ஆனால் உறிஞ்சும் இயந்திரம் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். கருவி வேலையை விரைவாக்குகிறது. ஆகவே அது வாங்கப்படுகிறது. உறிஞ்சி உயிரைக் காக்கிறது. ஆகவே அது 'பிறகு பார்க்கலாம்' என்று விடப்படுகிறது. துளை இருக்கிறது, குழாய் இல்லை.

கொழும்புக்கு வருவோம். வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலையில் 1933இல் நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் தொடக்க ஏடுகளில் ஒன்று. கூலிக்குறைப்பை எதிர்த்து மலையாளத் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் எழுந்தனர், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் அவர்களுக்குத் துணைநின்றனர். அந்த ஆலை இன்று இல்லை. அதன் நிலத்தில் ஹவ்லொக் சிட்டி என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்துள்ளது. வெள்ளவத்தை எங்கணும், போரினாலும் புலப்பெயர்வினாலும் இடம் தேடி வந்த தமிழ் மக்களுக்காக, மாடிவீடுகள் நிறைந்தன. ஒவ்வொரு வீட்டிற்கும் கதவு வேண்டும்; சமையலறை அலுமாரி வேண்டும்; அவை கண்ணாடிபோல் மின்னவும் வேண்டும்.

அந்த மின்னலைத் தருபவர் யார்? கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலும் ஏனைய இடங்களிலும் உள்ள சிறு பட்டறைகளில், நாட்கூலிக்கு வேலை செய்யும் இளைஞரே. மூடிய அறையில், வாயைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அவர்கள் தேய்க்கிறார்கள். துணி பருந்துகளைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. தேய்ப்பது தேக்கும் பலாவும் மட்டுமன்று. தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகைகளும் உண்டு. அப்பசைகள் பலவற்றில் ஃபோர்மல்டிஹைட் என்னும் மற்றொரு புற்றுநோய்ப் பொருளும் கலந்துள்ளது.

சட்டம் இல்லையா எனின், உண்டு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. தூசியை அகற்றுவது தொழிற்சாலை நடத்துவோனின் கடமை என்பது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஏற்கப்பட்ட கொள்கை. ஆனால் இன்று ஒரு வீட்டிலும் நாளை மற்றொரு வீட்டிலும் வேலை செய்பவனைத் தேடி எந்தப் பரிசோதகர் வருவார்? முப்பது ஆண்டுகளுக்குப் பின் மூக்கில் இரத்தம் கசியும்போது, எந்த முதலாளியின் தூளால் இது வந்தது என்று அவன் எந்த ஏட்டைக் காட்டி நிறுவுவான்? ஹை விக்கத்தில் தொழிலாளர் ஒரே ஊரில் ஒரே தொழிலில் திரண்டிருந்தமையால் நோய் கண்ணில் பட்டது. சிதறிக் கிடக்கும் உழைப்பாளியின் நோயும் சிதறிக் கிடக்கிறது. கணக்கில் ஏறாத நோய் இல்லாத நோயாகிவிடுகிறது.

செய்யவேண்டியவை அரியவை அல்ல. கருவியோடு உறிஞ்சியும் வாங்கப்பட வேண்டும். தரையைத் துடைப்பத்தால் வறட்டுத்தனமாகப் பெருக்குவதும் காற்றடித்துத் தூளைக் கிளப்புவதும் நிறுத்தப்பட வேண்டும். உரிய முகமூடி தரப்பட வேண்டும். ஆனால் அது உறிஞ்சிக்கு ஈடாகாது, கடைசித் துணையே. சிறு பட்டறை முதலாளியும் கடனில் மூழ்கியவரே என்பது மெய். ஆகையால் பல பட்டறைகள் கூட்டாக இயந்திரம் வாங்கக் கூட்டுறவுச் சங்கங்களும் கடன் வசதியும் தேவை. வீட்டைக் கட்டுவிப்போர் தரும் ஒப்பந்தத் தொகையில் தூசியகற்றும் செலவும் ஓர் உருப்படியாக இடம்பெற வேண்டும். தொழிற்கல்விக் கூடங்களில் மரவேலை பயிற்றும் ஆசிரியர், கருவியைக் காட்டும் முதல் நாளிலேயே குழாயையும் காட்ட வேண்டும். குழாயில்லாமல் விசையைத் தட்டக்கூடாது என்பதை மாணவர் இலக்கணம்போல் கற்க வேண்டும்.

தொழிற்சங்க இயக்கம் நெடுங்காலம் கூலியையும் வேலைநேரத்தையும் முன்னிறுத்திப் போராடியது; அது சரியே. ஆனால் மூச்சும் கூலியின் ஒரு பகுதிதான். நாளொன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி, அதனோடு நுரையீரலையும் சேர்த்து விற்கும்படி ஒருவனை நெருக்குவது எவ்வகையிலும் நியாயமான பேரமன்று. வெள்ளவத்தை மாடிவீட்டின் அலுமாரிக் கதவு எவ்வளவு வழவழப்பாய் இருக்கிறது என்று பார்க்கும் நாம், அதை இழைத்த அறையில் குழாய் இருந்ததா என்றும் கேட்கப் பழக வேண்டும். கேட்பவர் பெருகினால், குழாய் தானே வரும் என்பதன்று. வராவிட்டால் விடமாட்டோம் என்று சொல்லும் வலிமையேனும் வரும்.