சாலைக்கென வாங்கிய மூன்று பென்ஸ்

கச்சா எண்ணெயின் விலை நாட்டுக்கு நாடு அதிகம் வேறுபடுவதில்லை. சுத்திகரிப்புச் செலவும் கப்பல் கூலியும் அப்படித்தான். ஆயினும் லண்டன்வாசி ஒருவர் பெட்ரோலுக்குக் கொடுக்கும் விலை, அதே அளவுக்கு அமெரிக்கர் ஒருவர் கொடுப்பதைவிடப் பல பத்தாண்டுகளாகவே மிக அதிகம். இடையில் நிற்பது வரி. அவ்வரி ஓரிடத்தில் மலையாகவும் மற்றோரிடத்தில் மடுவாகவும் ஆனது ஏன் என்று தேடிப் போனால், ஒரு பழைய வாக்குறுதியில் வந்து நிற்கிறோம். 'இந்தப் பணம் சாலைக்கே செலவாகும்' என்பதே அந்த வாக்குறுதி.

1909ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டம், பிரபுக்கள் சபை அதை நிராகரித்ததால் மூண்ட அரசியல் நெருக்கடிக்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறது. அந்தப் புயலின் ஓரத்தில் ஒரு சிறு இனமும் இருந்தது: பெட்ரோல் கேலன் ஒன்றுக்கு 3 பென்ஸ் வரி. அன்று மோட்டார் வண்டி செல்வந்தரின் உடைமை. அது கிளப்பிய புழுதியோ ஊர் முழுவதற்கும் பொது. ஆகவே வண்டிக்காரரிடம் வாங்கும் பணத்தைச் சாலை வாரியத்திடம் கொடுத்துச் சாலைகளைச் சீராக்குவது என்று முடிவாயிற்று. வரி செலுத்துவோர்க்கும் அரசுக்கும் இடையே ஒப்பந்தம் போன்ற ஏற்பாடு அது.

1921இல் பெட்ரோல் வரி நீக்கப்பட்டு, இன்ஜினின் குதிரைத்திறனுக்கு ஒரு பவுன் என்ற ஆண்டு வரி வந்தது. அத்தொகை 'சாலை நிதி'யில் சேர்ந்தது. குதிரைத்திறனைச் சிலிண்டரின் விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். விளைவு, பிரிட்டிஷ் உற்பத்தியாளர்கள் ஒடுங்கிய, நீண்ட சிலிண்டர்களை வடிக்கத் தொடங்கினர். அகன்ற சிலிண்டர் கொண்ட அமெரிக்க ஃபோர்டு வண்டிக்கோ ஆண்டுக்கு 20 பவுனுக்கு மேல் வரி விழுந்தது. ஒரு வரிச் சூத்திரம் இயந்திரத்தின் வடிவத்தையே மாற்றியமைத்தது.

வண்டிகள் பெருகின; சாலை நிதியும் கொழுத்தது. 1926இல் நிதியமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதன் இருப்பிலிருந்து 70 லட்சம் பவுனைப் பொதுக் கருவூலத்துக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு 1 கோடியே 20 லட்சம். 1928இல் கேலனுக்கு 4 பென்ஸ் என்று பெட்ரோல் வரி மீண்டும் வந்தபோது, அந்த வருவாய் ஆலைகளுக்கும் விவசாயத்துக்கும் உள்ளூர் வரிச் சுமையைக் குறைக்கவே ஒதுக்கப்பட்டது. 1937 முதல் வண்டி வரிகள் நேரடியாகக் கருவூலத்துக்கே சென்றன. சர்ச்சிலின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. புகையிலை வரியைப் புகைப்பவர் நலனுக்கென்று யாரும் ஒதுக்கிவைப்பதில்லை அல்லவா? ஆனால் வேலி அகன்றபின் வரிக்கு எல்லை எது என்ற கேள்விக்கு விடையில்லாமல் போயிற்று.

1993இல் பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுதோறும் 3 விழுக்காடு வரியை உயர்த்துவதென முடிவாகி, அதே ஆண்டிலேயே அது 5 ஆகவும், 1997இல் 6 ஆகவும் ஏறியது. சுற்றுச்சூழலின் பெயரால் நிகழ்ந்த இந்த ஏற்றம் 1999இல் நிறுத்தப்பட்டபோது, பெட்ரோல் விலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வரியாக இருந்தது. 2000 செப்டம்பரில் விவசாயிகளும் லாரிக்காரர்களும் ஸ்டான்லோ சுத்திகரிப்பு ஆலையை முற்றுகையிட்டனர். மறியல் பரவிச் சில நாட்களில் நாட்டின் பெரும்பாலான பெட்ரோல் நிலையங்கள் வறண்டன. 2011க்குப் பிறகு அந்தத் தீர்வையை உயர்த்தும் துணிவு நீண்ட காலம் எந்த நிதியமைச்சருக்கும் வரவில்லை.

அமெரிக்காவின் கதை வேறு. 1919 பிப்ரவரியில் ஆரிகன் மாநிலம் கேலனுக்கு ஒரு சென்ட் வரி விதித்தது, சாலை போடுவதற்காக. பத்தே ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றின. 1932இல் மத்திய அரசு பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க ஒரு சென்ட் வரி கொண்டுவந்தது. அது சாலைக்கென்று வந்ததன்று. எனினும் 1956இல் நெடுஞ்சாலை நிதியம் அமைந்தபின் மத்திய வரியும் பெரும்பாலும் சாலையோடு பிணைக்கப்பட்டது. சாலைக்கான கட்டணம் என்று மக்கள் கருதும் ஒன்றைச் சாலைச் செலவுக்கு மேல் உயர்த்துவது எளிதன்று. 1993இல் 18.4 சென்ட் ஆன மத்திய வரி அதன்பின் உயர்த்தப்படவே இல்லை. 2008 முதல் நிதியம் வற்றி, பொதுக் கருவூலத்திலிருந்தே பணம் ஊற்ற வேண்டியதாயிற்று. பிரிட்டனில் சாலையின் பணம் கருவூலத்துக்குப் போனது. அமெரிக்காவில் கருவூலத்தின் பணம் சாலைக்கு வந்தது.

இந்தியா இவ்விரு வழிகளிலும் நடந்தது. 1927இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த சாலைக் குழுவின் பரிந்துரைப்படி, 1929இல் பெட்ரோல் தீர்வை கேலனுக்கு 4 அணாவிலிருந்து 6 அணாவாக உயர்ந்தது. கூடுதல் 2 அணா சாலை நிதிக்கு. பின்னர் மத்திய மாகாண அரசு 1938இல் பெட்ரோலின் சில்லறை விற்பனைக்கு 5 விழுக்காடு வரி விதித்தது. ஆயத்தீர்வை தன் உரிமை என்று மத்திய அரசு வாதிட்டது. உற்பத்தி மீதான தீர்வை வேறு, விற்பனை மீதான வரி வேறு என்று கூட்டாட்சி நீதிமன்றம் மாகாணத்துக்குச் சாதகமாகக் கருத்துரைத்தது. அந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் அதே ஜெயகர். அடுத்த ஆண்டே ராஜாஜியின் சென்னை மாகாண அரசும் பெட்ரோல் விற்பனைக்கு வரிச் சட்டம் இயற்றியது. ஒரே லிட்டரில் மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியே கைவைப்பதற்கும், சென்னையிலும் புதுச்சேரியிலும் விலை வேறுபடுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. 2017இல் வந்த சரக்கு சேவை வரியும் பெட்ரோலைத் தன் வளையத்துக்குள் இழுக்கவில்லை.

அரசுகள் பெட்ரோலை விட்டுக்கொடுக்காததன் காரணம் எளிது. வருமானவரிக்குக் கோடிக்கணக்கானோரின் கணக்குகளை ஆராய வேண்டும். பெட்ரோலுக்குச் சில ஆலை வாயில்களும் கிடங்குகளும் போதும். காய்கறி லாரியின் டீசல் வழியே, வண்டியே இல்லாத வீட்டிலிருந்தும் அது வசூலாகிவிடுகிறது. தான் வரி கட்டுகிறோம் என்பதே அந்த வீட்டுக்குத் தெரிவதில்லை. தெரியாத வரிக்குக் கணக்குக் கேட்பார் யார்?

மின்வண்டிகள் வந்துவிட்ட காலத்தில் இந்த வருவாய் என்றும் நிலைக்காது. அமெரிக்காவில் முதன்முதலில் பெட்ரோலுக்கு வரி விதித்த அதே ஆரிகன், 2015இல் ஓடும் மைலுக்கு இவ்வளவு என்னும் கட்டணத்தை, விரும்பிச் சேர்வோரிடம் மட்டும், தொடங்கிப் பார்த்தது. நாளை இத்தகைய கட்டணம் பிற நாடுகளுக்கும் வரக்கூடும். அப்போதும் சாலையின் பெயரே சொல்லப்படும். அந்தப் பணம் எங்கே போகிறது என்று முதல் ஆண்டிலிருந்தே கேட்கப் பழகுவது நல்லது.