ஆவாரம்பட்டையில் இருந்து தையல் மிஷின் வரை

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வாசல்ல "டெய்லர், ஹெல்பர் தேவை"ன்னு போர்டு தொங்குது. அதே நாள்ல எங்க ஊர்ல கடலைக்குக் களை எடுக்க ஆள் கிடைக்கல. வேலையும் இருக்கு, ஆளும் இருக்கு. ரெண்டும் ஏன் சேர மாட்டேங்குது? அதுக்குக் கொஞ்சம் பழைய கதை தெரியணும்.

எங்க தாத்தா காலத்துல பாலாற்றங்கரை தோல் ஷாப்புகள் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் நடந்தன. சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலில் மயிர் நீக்கி, சதை சீவணும். கத்தி கொஞ்சம் ஆழமாப் போனாலும் தோல் வீண். அந்தக் கைப்பழக்கம் அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு வந்தது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள்தான் செஞ்சாங்க. ஆள் வேணும்னா மேஸ்திரி தெரிஞ்ச வீட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டு வருவார். எவ்வளவு ஆள் தட்டுப்பாடு வந்தாலும் மத்த சாதிக்காரங்க அந்தப் பக்கம் போக மாட்டாங்க.

1973இல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடை செய்தது. அரைப்பதத் தோலுக்கும் அளவு வைத்தது. தோலாக விற்காதே, பொருளாகச் செய்து விற்று நாலு பேருக்கு வேலை கொடு என்பதுதான் கணக்கு. அப்புறம் ஷூ மேல்பாகம், முழு ஷூ என்று தொழில் மாறியது. சதை சீவவும் மிஷின் வந்தது. கத்தி பிடிச்சவருக்கு மவுசு குறைஞ்சது, தையல் தெரிஞ்ச பெண்களுக்குக் கிராக்கி வந்தது. மேஸ்திரி இடத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவும் கம்பெனி பஸ்ஸும் வந்தாச்சு.

இன்னொரு பக்கம், தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாவோ முழுசாவோ பயிருக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகி இருக்கு. கிணறு கெட்ட பிறகு கூலிக்காரங்க எங்கே போவாங்க? நிலத்தைக் கெடுத்த தொழிலேதான் சோறும் போட்டது.

நான் களைக்குக் கூலியைக் கூட்டித் தந்தாலும் அது நாலு நாள் வேலை. மாசச் சம்பளம், பிஎஃப், தீபாவளி போனஸுக்கு ஈடாகுமா? அதனால போறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க ஊர்ல வரிசை பிசகாம நாத்து நடத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அறுபது வயசு தாண்டிடுச்சு. அவங்க மருமகளுங்க கம்பெனி பஸ் ஏறிட்டாங்க. பத்து விவசாயிங்க முறை வெச்சு, வருஷம் பூரா தொடர்ச்சியா வேலை கொடுத்தாத்தான் ஒருத்தராவது நின்னு கத்துக்குவாங்க. உங்க ஊர்ல யாராவது அப்படிச் செய்றீங்களா? சொல்லுங்க.